குக்கர் மூடியும் பழைய இரும்பும்: நம் வீட்டை வைத்து ஒரு டாரட் கட்டு வரையலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தி ஒரு டாரட் கட்டு (குறி பார்க்கும் படச் சீட்டுகள்) கொண்டுவந்தார். அதில் 1950களின் விளம்பரப் பாணியில், இடுப்பில் ஏப்ரன் கட்டிய பெண்கள் துடைப்பமும் கேக்கும் ஃபிரிட்ஜுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்தது. எழுபது, எண்பதுகளின் மதுரை வீட்டை வைத்து நாமும் இப்படி ஒன்று வரைந்து அச்சடித்தால் என்ன என்று தோன்றியது. எந்தப் பொருளை எந்த அட்டைக்கு வைப்பது, அப்படி மாற்றினால் அது டாரட்டாகவே இருக்குமா, அச்சுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், அம்மா அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாத்திரம் வெளக்குறதுல என்னடி சிரிப்பு?" என்று கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டு வேலையை வைத்துச் சிரிக்கலாம். ஆனால் அதைச் செய்தவர்களின் மனம் நோகாமல் சிரிக்க முடியுமா?

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்து மூன்று வருடம் லேபிளும் காலண்டரும் வரைந்தவள் நான். மதுரைக்குக் குடிவந்த பிறகு, பதினோரு வருடமாக வீட்டு முன்னறையில் டாரட் அட்டையை வைத்து ஆட்களோடு பேசி வருகிறேன். பெரும்பாலும் பெண்கள்தான் வருவார்கள். அச்சு, படம், அட்டையின் பொருள் இந்த மூன்றிலும் நான் சொல்வதை நம்பலாம். உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயமில்லாத செய்தி. டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், சீட்டு விளையாட்டாக. நம் வீடுகளில் மழைநாளில் கழுதையும் ரம்மியும் ஆடுவதுபோல அவர்கள் ஆடினார்கள். நான்கு ஜாதி, ஜாதிக்கு 14 சீட்டு, ஆக 56; அதோடு துருப்பும் கோமாளியுமாக 22; மொத்தம் 78. இந்தச் சீட்டில் குறி பார்க்கும் வழக்கம் ஊரறியப் பரவியது 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். 1781இல் கூர் த ஜெபலின் என்ற அறிஞர், இது பழைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷம்போலியோன் படித்துக் காட்டியதே 1822இல்தான். ஆகவே அந்தப் பேச்சுக்கு அடித்தளமே கிடையாது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் படங்கள் 1909இல் லண்டனில் வெளியானவை. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருடையது, வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் ‘ஐந்து கிண்ணம்’ என்றால் ஐந்து கிண்ணம் மட்டும்தான் இருக்கும். பமீலாதான் இந்த எண் அட்டைகளில் ஆளையும் சம்பவத்தையும் வைத்தார். சித்தி கொண்டுவந்த கட்டில் சிரிப்பு வருகிறதென்றால், அடியில் பமீலாவின் காட்சி தெரிவதால்தான் வருகிறது. அந்தக் காட்சியைத் தெரிந்துகொள்ளாமல் மேலே பாத்திரத்தை மட்டும் வைத்தால் கிடைப்பது படம் போட்ட சீட்டு, அவ்வளவே.

அடுத்தது ஐயத்துக்குரியது. அட்டை நாளைக்கு நடப்பதைச் சொல்லுமா? சொல்லும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, காசு வாங்கிக்கொண்டும் சொன்னதில்லை. படத்தைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் தன் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார். பேசும்போது, அதுவரை தனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்றைச் சொல்லிவிடுவார். என் அனுபவத்தில் அட்டை செய்யும் வேலை அதுதான். அந்த வேலைக்கு வாளும் கிரீடமும் போட்ட ஐரோப்பிய அரசனைவிட நம் வீட்டுப் பொருள் நன்றாக உதவும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் மொழியில் இதற்கு மிகப் பழைய சாட்சி இருக்கிறது. முல்லைப்பாட்டில், போருக்குப் போன தலைவன் திரும்பி வருவானா என்று அறிய, முதிய பெண்கள் நாழியில் நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறம் போய், பூவைத் தூவிக் கும்பிட்டு விரிச்சி கேட்டு நிற்பார்கள். விரிச்சி என்றால், காதில் தற்செயலாக விழும் பிறர் பேச்சை நிமித்தமாகக் கொள்வது. அவர்கள் காதில் விழுந்தது தேவவாக்கும் இல்லை, மந்திரமும் இல்லை. தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ஓர் ஆயர் பெண் சொன்ன பேச்சு: "இன்னே வருகுவர் தாயர்." ‘இதோ இப்போதே உன் அம்மா வந்துவிடுவாள்’ என்று கன்றுக்குச் சொன்னதைத் தங்களுக்கான நல்ல சொல்லாக எடுத்துக்கொண்டு பெண்கள் வீடு திரும்பினார்கள். தொழுவத்தில் கேட்ட சொல்லே நிமித்தமாயிற்று. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, சின்னப்பிள்ளையை எடுக்கச் சொல்வதும், பல்லி சொன்ன திசைக்குப் பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பதும் இந்த வழியில் வந்தவைதான். எனவே வீட்டு வாழ்க்கையை வைத்து டாரட் வரைவது வெளிநாட்டு விளையாட்டை இங்கே ஒட்டவைப்பது ஆகிவிடுமோ என்று நீங்கள் தயங்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கட்டின் சிரிப்பை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. காரணம் இதுதான். அமெரிக்காவில் போருக்குப் பிந்தைய விளம்பரங்கள், அடுப்பைப் பார்த்தும் சோப்புத் தூளைப் பார்த்தும் பூரித்துச் சிரிக்கும் ஒரு பெண்ணை உண்டாக்கின. உண்மையான எந்த வீட்டிலும் அப்படி ஒருத்தி இல்லை என்பது அந்த ஊர் ஆட்களுக்குத் தெரியும். அந்தக் கட்டு கிண்டல் செய்வது விளம்பரத்தை. உங்கள் அம்மாவுக்கு அந்த விளம்பரம் பழக்கமில்லை. அவர் கண்ணில் பட்டது, பாத்திரம் கழுவும் ஒரு பெண்ணைப் பார்த்து மகள் சிரிப்பது மட்டும்தான். அவர் கேட்டதில் தவறே இல்லை. எனவே அம்மாவுக்கு ஏப்ரன் கட்டிச் சிரிக்கவைத்துப் படம் எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நம் பழைய காலத்தின் அச்சு முகம் வேறு. தீப்பெட்டி லேபிள், தினசரிக் காலண்டர், ஜவுளிக்கடை மஞ்சள் பை, கல்யாணப் பத்திரிகையின் மூலையில் இருக்கும் குத்துவிளக்கு, ஊறுகாய்ப் பாட்டில் சீட்டு. நம் ஆட்களுக்குப் பார்த்த நொடியில் ‘அட, நம்ம வீடு’ என்று தோன்ற வைப்பவை இவைதான்.

நான்கு ஜாதிக்கு வருகிறேன். மூலத்தில் கோல், கிண்ணம், வாள், காசு. கோலுக்கு எல்லாரும் துடைப்பத்தைத்தான் நினைப்பார்கள். நான் ஊதாங்குழல் என்பேன். கோல் நெருப்புக்கும் முயற்சிக்கும் உரியது. ஈர விறகு, கண்ணில் புகை, மூச்சைப் பிடித்து ஊதினால் ஒரு சின்னத் தீ. முயற்சி என்பதை அதைவிட நன்றாக எந்தப் பொருளும் காட்டாது. கிண்ணத்துக்கு டபரா டம்ளர். கிண்ணம் உணர்ச்சியைக் குறிக்கும், நம் வீடுகளில் யார் மனநிலை எப்படி என்பது காபி டம்ளரை வைக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். வாளுக்கு அரிவாள்மனை. வாள் அறிவையும் பிளவையும் சொல்வது. அரிவாள்மனையில் கத்தி அசையாது, காய்தான் அதனிடம் போக வேண்டும். வாள் அட்டைகளின் கசப்பெல்லாம் அதில் இருக்கிறது. காசுக்குக் கடுகு டப்பா. காரணம் சொல்லத் தேவையில்லை.

இப்படி வைத்துக்கொண்டால் பமீலாவின் காட்சிகள் தாமாகவே வீட்டுக்குள் வந்துவிடும். நான்கு காசில் ஓர் ஆள் காசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இங்கே சீட்டுப் பணம் கட்டும் நாளில் கடுகு டப்பாவை மடியில் வைத்திருக்கும் பெண். எட்டுக் காசில் ஒருவன் குனிந்து காசு செதுக்குவான். இங்கே பாத்திரக்கடை வாசலில் எவர்சில்வர் தூக்கில் பெயர் வெட்டுகிறவர், பக்கத்தில் எழுத்துப்பிழை இல்லாமல் வர வேண்டுமே என்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் தகப்பனார். நான்கு கிண்ணத்தில் நீட்டிய கிண்ணத்தைக் கவனிக்காமல் ஒருவன் மரத்தடியில் இருப்பான். இங்கே பேப்பரை விரித்து முகத்தை மறைத்திருக்கும் கணவர், பக்கத்தில் ஆடை படிந்த காபி. (தினத்தந்தி 1942இல் தொடங்கப்பட்டதே மதுரையில்தான். பேப்பருக்குப் பின்னால் ஆறிய காபி நம் ஊரில் எத்தனை தலைமுறையாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.) ஒன்பது வாளில் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருக்கும் ஒரு பெண், அவள் வாயருகில் "கேஸை மூடினோமா?" என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். மூன்று வாளில் மழையும், குத்துப்பட்ட இதயமும். அதற்கு நான் சின்ன வெங்காயம் வைப்பேன். கூட்டுக்குடும்பத்தில் அழ இடம் கிடைக்காத பெண்கள், வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுதிருக்கிறார்கள். அந்த அட்டையைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வரும், பிறகு நின்றுவிடும். வாள் ஜாதிக்கு அதுதான் பொருத்தம்.

சேவகன், வீரன், அரசி, அரசன் என்று ஜாதிக்கு நான்காக வரும் ஆள் அட்டைகள் பதினாறையும் குடும்பத்திலிருந்தே எடுக்கலாம். கடைக்குட்டி, வேலை தேடும் மூத்தது, அம்மா, அப்பா என்று வைத்தால் கணக்குச் சரியாக வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாள் அரசிக்குப் பழைய பொருளில் கைம்பெண் என்று வெயிட்டே எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் வெள்ளைச்சேலை கட்டிய அப்பத்தா ஒருவர் இருப்பார். அவர் பேச்சுக்கு வீடே அடங்கும், கல்யாண வீட்டில் மட்டும் பின்கட்டில் உட்கார்ந்திருப்பார். அவரை இந்த அட்டையில் நேராக, பார்க்கிறவர் கண்ணைப் பார்க்கும்படி வரையுங்கள்.

துருப்பும் கோமாளியுமான 22 பெரிய அட்டைகளில் நம் வீட்டுக்கென்றே பிறந்ததுபோல் இருப்பது பதினான்காவது. மூலத்தில் ஒரு தேவதை, இரண்டு கிண்ணங்களுக்கிடையே நீரை மாற்றி ஊற்றிக்கொண்டிருக்கும். நிதானம், கலவை, பொறுமை என்று பொருள் சொல்வார்கள். நம் அம்மாமார் தினமும் காலையில் செய்வது அதுவேதான்: காபி ஆற்றுவது. தமிழில் அந்தச் சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. சூட்டைத் தணிப்பதும் ஆற்றுவதுதான், துக்கத்தைத் தணிப்பதும் ஆற்றுவதுதான், கடமையைச் செய்வதும் ஆற்றுவதுதான். இந்த அட்டைக்கு ‘ஆற்றுதல்’ என்று பெயர் வையுங்கள். விளக்கக் குறிப்பே வேண்டாம்.

எட்டாவது அட்டை வலிமை. ஒரு பெண் சிங்கத்தின் வாயை மென்மையாகக் கையால் மூடுகிறாள். இங்கே குக்கர். ஆவி அடங்கும் முன் மூடியை இழுக்கிறவருக்கு வலிமை இல்லை, பொறுமை இல்லை என்று அர்த்தம். குக்கர் வெயிட்டை லேசாகத் தூக்கிப் பார்த்துக் காத்திருக்கும் கைக்குத்தான் சிங்கம் அடங்கும். பன்னிரண்டாவது, தலைகீழாய்த் தொங்குகிறவன்: மொட்டை மாடிக் கொடியில் தலைகீழாய்க் காயும் சட்டை. பதிமூன்றாவது மரணம். இதில் எலும்புக்கூட்டை வரைந்தால் நம் வீடுகளில் கட்டையே உள்ளே வைக்க விடமாட்டார்கள். அதன் பொருள் முடிவு, மாற்றம். எனவே தள்ளுவண்டியில் வரும் பழைய இரும்புக்காரரை வரையுங்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம். பாட்டியின் நசுங்கிய அண்டா தராசில் ஏறுகிறது, பேரனின் கையில் பேரீச்சம்பழம் வருகிறது. இழப்பும் இனிப்பும் ஒரே வாசலில். பதினேழாவது நட்சத்திரம், நீர் ஊற்றும் பெண்: விடிவெள்ளிக்குக் கீழே வாசல் தெளிக்கிறவர். இருபதாவதில் ஊதுகொம்பு கேட்டு இறந்தவர்கள் எழுவார்கள்: பால்காரர் மணி கேட்டுப் பாயிலிருந்து எழும் குடும்பம். பேரரசிக்கும் பேரரசனுக்கும் பெயர் தேட வேண்டாம். ‘உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?’ என்று ஊரே கேட்கிறதே. மூன்றாவது அட்டை மதுரை, நான்காவது சிதம்பரம். பதினெட்டாவது நிலா அட்டைக்கு மட்டும் எனக்கு இன்னும் படம் அமையவில்லை. நிலாச்சோறுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் அட்டை சொல்வது மயக்கம், தெளிவின்மை. நிலாச்சோறு தெளிந்த மகிழ்ச்சி. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

பதினாறாவது கோபுரம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். மூலத்தில் இடி விழுந்து கோபுரம் உடையும், இருவர் தலைகுப்புற விழுவார்கள். பல வருடங்களுக்கு முன் எனக்கென்று இருபத்திரண்டு அட்டைகளைக் கையால் வரைந்தேன். கோபுரத்துக்கு வெடிக்கிற பம்ப் ஸ்டவ்வை வரைந்தேன். தீப்பெட்டி லேபிள் போல மஞ்சளும் சிவப்புமாக, கோணல்மாணலாகப் பறக்கும் தோசைக்கரண்டியோடு. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருநாள் என் வயதுடைய ஒரு பெண் வந்திருந்தார். அட்டையைத் திருப்பியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, "எங்கக்காவுக்கு இப்படித்தான் எழுதுனாங்க" என்றார். எழுதினார்கள் என்று அவர் சொன்னது போலீஸ் காகிதத்தில். கல்யாணமாகி இரண்டு வருடத்தில், சமைக்கும்போது ஸ்டவ் வெடித்து.

அந்தக் காலத்துப் பேப்பர் படித்தவர்களுக்கு அந்த ஐந்து சொற்களின் கனம் தெரியும். ‘சமைக்கும்போது ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி.’ சில உண்மையாகவே விபத்து. மண்ணெண்ணெய் ஸ்டவ் ஆபத்தான பொருள்தான். ஆனால் வரதட்சணைச் சாவுகளை மூடி மறைக்கவும் அதே வாக்கியம் நாடு முழுக்கப் பயன்பட்டது. கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமையைத் தனிக்குற்றமாக்கி இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது 1983இல். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள், வரதட்சணைக் கொடுமைக்குப் பின், இயற்கைக்கு மாறாக நடக்கும் சாவை வரதட்சணை மரணம் என்று வரையறுத்த 304பி வந்தது 1986இல். நீங்கள் வரையப்போகும் எழுபது, எண்பதுகள் இந்த வருடங்களும்தான். மர்பி ரேடியோவும் எவர்சில்வர் கூஜாவும் இருந்த அதே அடுப்படி. அன்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், அட்டையை அவர் முன்னாலேயே கிழித்தேன். இப்போது என் கோபுரம், பரணிலிருந்து மொத்தமாகச் சரிந்து விழும் கல்யாணப் பாத்திரங்கள். கீழே நிற்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பூனை ஓடுகிறது. அதிர்ச்சியும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது, யாருடைய அக்காவும் அதில் இல்லை.

இதிலிருந்து எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அட்டைக்கும், அந்த வேலையைச் செய்கிறவரே இந்தச் சிரிப்பைச் சிரித்திருப்பாரா என்று கேட்டுக்கொள்வேன். பூரிக்கட்டையால் கணவனை அடிக்கும் மனைவி பத்திரிகைத் துணுக்கில் பிறந்தவள், அடுப்படியில் பிறந்தவள் அல்ல. மாமியார் என்றாலே கொடுமைக்காரி என்கிற படமும் அப்படித்தான். அவற்றை ஒதுக்கிவிடுங்கள். மாறாக, கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் புதினாவோடு வரும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். வயர்கூடையை ஆட்டிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தபடி, பின்னால் நாய் வர, கடைக்குப் போகிறான். பூஜ்ய எண் போட்ட கோமாளி அட்டை அவன்தான். அவனைப் பற்றி அம்மாமார் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் பாசம் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது.

சாமி படம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிளி ஜோசியக்காரரின் அட்டைகளில் சாமி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவர் வழக்கமாக 27 அட்டைகளையும் விரிப்பின்மேல் அடுக்கி, தொழில் சாமானாகப் பேணுகிறார். (அந்தக் கிளியைப் பிடித்து வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.) உங்கள் கட்டு சோபாவுக்கடியில் விழும், குழந்தை மிதிக்கும், ஓரம் கிழிந்தபின் குப்பைக்குப் போகும். பழைய சாமி காலண்டரைக்கூடத் தூக்கி எறிய மனம் வராத வீடுகள் நம்முடையவை. அந்தச் சங்கடத்தை வாங்குகிறவர் தலையில் கட்டாதீர்கள்.

பழைய தோற்றம் எப்படி வரும் என்றும் கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் மஞ்சள் சாயம் பூசிக் கறை போடுவது பழசு ஆகாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காகச் சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. அந்த லேபிளின் அழகு, நிறம் குறைவாக இருந்ததால் வந்தது. இரண்டு அல்லது மூன்று மை, தடித்த கறுப்புக் கோடு, ரிஜிஸ்டர் (ஒரு மைமேல் அடுத்த மை சரியாகப் பொருந்துவது) மயிரிழை விலகி நிறம் கோட்டைத் தாண்டி நிற்பது. நீங்களும் மூன்று மைக்குள் உங்களைக் கட்டிப்போட்டுக்கொண்டு வரையுங்கள், காலம் தானாக வந்துவிடும். பின்பக்கத்துக்கு மதுரைச் சுங்குடியின் புள்ளிகளை வைக்கலாம். தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றுபோல இருக்கும்படி அமையுங்கள், இல்லாவிட்டால் எந்த அட்டை தலைகீழாக இருக்கிறது என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துபோகும்.

ஆனால் பழைய காலண்டரை ஸ்கேன் செய்து வெட்டி ஒட்டாதீர்கள். இந்தியாவில் ஓவியரின் ஆயுளுக்குப் பின் 60 வருடம் உரிமை உண்டு. காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு மறைந்தது 1976இல். அந்தக் கணக்குப்படி அவர் படங்களின் உரிமை 2036 முடியும்வரை இருக்கிறது. அது அவர் குடும்பத்திடம் இருக்கிறதா, படம் வாங்கிய அச்சகத்திடம் இருக்கிறதா என்பது படத்துக்குப் படம் மாறும், வழக்கறிஞரைக் கேட்க வேண்டிய இடம் அதுதான். பமீலா 1951இல் மறைந்தார். 70 வருடக் கணக்குள்ள பிரிட்டனிலும் அவர் படங்களின் உரிமை 2021உடன் முடிந்துவிட்டது. அவருடைய காட்சியமைப்பைத் தயங்காமல் பின்பற்றலாம். பிற்காலத்தில் யாராவது நிறம் மாற்றி வெளியிட்ட பதிப்பை மட்டும் நகலெடுக்க வேண்டாம். குக்கர், ரேடியோ எதிலும் கம்பெனிப் பெயர் தெரிய வேண்டாம்.

அச்சு பற்றிச் சுருக்கமாக. அட்டை 70க்கு 120 மில்லிமீட்டர். 78 அட்டையோடு முகப்பு ஒன்று, விளக்கம் ஒன்று சேர்த்தால் 80. 23க்கு 36 அங்குலத் தாளில் சுற்றிலும் வெட்டு ஓரம் விட்டு நாற்பது அட்டை தாராளமாக அடங்கும், ஆக இரண்டு தாள். தாளின் கனம் 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறைந்தால் கலைக்கும்போது மடங்கும். பளபள லேமினேஷன் வழுக்கும், மேட் போடச் சொல்லுங்கள். மூலை உருட்டலை டை கட்டிங்கிலேயே (அச்சு வைத்து வெட்டும்போதே) சேர்த்துவிடச் சொல்லுங்கள், தனியாகச் செய்தால் அட்டைக்கு அட்டை மாறும். ஐம்பது, நூறு கட்டு என்றால் டிஜிட்டல் போதும். ஐந்நூறைத் தாண்டினால்தான் ஆஃப்செட்டுக்குப் பிளேட் போடுவது கட்டும். எதுவானாலும் மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு கட்டு மாதிரி எடுத்து, பத்து நாள் வீட்டில் கலைத்துப் போட்டுப் பாருங்கள்.

78ஐயும் வரைந்து முடித்துவிட்டு அம்மாவிடம் கொண்டுபோகாதீர்கள். பென்சில் கோட்டிலேயே காட்டுங்கள், பதினான்காவதை முதலில். டம்ளர் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், நுரை எதுவரை வர வேண்டும் என்று அவர் பென்சிலை வாங்கித் திருத்த ஆரம்பித்தால், அடுத்து எந்த அட்டை என்று அவரிடமே கேட்டு வரையுங்கள்.